மணி அடித்தது முதல் உட்காரும் வரை: ஒரு பள்ளிச் சாப்பாட்டு வரிசையின் நிகழ்வு ஆய்வு

அந்தப் பள்ளியில் மதியச் சாப்பாட்டுக்கு 40 நிமிடம். வரிசையின் கடைசியில் நிற்கும் பிள்ளை தட்டோடு வெளியே வரும்போது அதில் 30 நிமிடம் போயிருக்கும். மிச்சமிருக்கும் 10 நிமிடத்துக்குள் இடம் தேடி உட்கார வேண்டும், சாப்பிட வேண்டும், தட்டைத் திரும்பக் கொண்டுபோய் வைக்க வேண்டும். அந்தப் பிள்ளையின் தட்டில் பாதிச் சாப்பாடு அப்படியே தொட்டிக்குப் போனதில் வியப்பில்லை.

ஆனால் நிர்வாகம் என்னைக் கூப்பிட்டது அதற்காக இல்லை. வரிசையில் தள்ளுமுள்ளு, கூச்சல், தினமும் யாராவது ஒரு ஆசிரியரிடம் புகார். "கவுன்டர்ல இன்னும் ஒருத்தரைப் போட்டா போதுமா, ரெண்டு பேர் வேணுமா? அதை மட்டும் பார்த்துச் சொல்லுங்க சார்" என்றார் சாப்பாட்டுக் கூடத்தின் பொறுப்பாளர். தொழிற்கூடங்களில் வேலை எங்கே தேங்குகிறது என்று பார்த்துச் சொல்வது என் பிழைப்பு. இந்தக் கேள்வியை வேறு வேறு வடிவில் பல இடங்களில் கேட்டிருக்கிறேன். எங்கே தேங்குகிறது என்று தெரிவதற்கு முன்பே ஆள் எண்ணிக்கை முடிவாகியிருக்கும்.

கூடத்தின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். சாப்பிட வருபவர்கள் 400 பேர். இரண்டு கவுன்டர், இரண்டு வரிசை, ஆளுக்குப் பாதி. ஒவ்வொரு வரிசையிலும் பிள்ளை தட்டை எடுக்கும், சூடான உணவை வாங்கும், அடுத்து தொடுகறி, அடுத்து பழமும் பானமும், கடைசியில் அடையாள அட்டையைக் கார்டு ரீடரில் காட்டிவிட்டு வெளியேறும். கூடத்தில் 280 இருக்கைகள். சாப்பாடு முடிந்ததும் எல்லோருக்கும் 20 நிமிடம் விளையாட்டு. ஆக மொத்த இடைவேளை 60 நிமிடம்.

எதை அளப்பது

நான் போவதற்கு முன்பே பள்ளி ஒரு முயற்சி செய்து பார்த்திருந்தது. சூடான உணவு போடும் இடத்தில் ஒரு வரிசைக்கு ஓர் ஆள் கூடுதலாக நிறுத்தியிருந்தார்கள். பரிமாறுவது கண்ணுக்குத் தெரிந்து வேகமானது. ஆனால் கடைசிப் பிள்ளை வெளியே வந்த நேரம் ஒரு நிமிடம்கூட மாறவில்லை. "வேகமாத்தான் போடுறாங்க, ஆனா வரிசை குறையலை" என்று பொறுப்பாளர் தலையைச் சொறிந்தார். அந்த ஒரு வாக்கியத்திலேயே பாதி விடை இருந்தது.

முதல் நாள் நான் ஒன்றையும் மாற்றவில்லை. ஒரு மூலையில் நின்று நிமிடத்துக்கு ஒரு முறை வரிசையில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணி எழுதினேன், அவ்வளவுதான். ஒவ்வொரு பிள்ளையும் எவ்வளவு நேரம் காத்திருந்தது என்று தனித்தனியாகப் பின்தொடர வேண்டியதில்லை. ஒரு நிமிடத்தில் 150 பேர் நின்றால் அந்த நிமிடத்தில் 150 ஆள்-நிமிடம் வீணாகிறது. எல்லா நிமிடங்களின் எண்ணிக்கையையும் கூட்டி, தலை எண்ணிக்கையால் வகுத்தால் சராசரிக் காத்திருப்பு வந்துவிடும். எனக்கு வந்த கூட்டுத்தொகை ஏறக்குறைய 5,200. அதை 400 ஆல் வகுத்தால் 13 நிமிடம். இதன் அடியில் இருக்கும் உறவை 1961-ல் ஜான் லிட்டில் கணிதமாக நிறுவினார்: உள்ளே இருப்பவர்களின் சராசரி எண்ணிக்கை என்பது, வரும் வேகத்தைத் தங்கும் நேரத்தால் பெருக்கினால் வருவது. ஒரு வரியில் அடங்கும் விதி. வரிசை எங்கே இருந்தாலும் பொருந்தும் என்பதால் இதைப் போல எனக்குக் கைகொடுத்த கணக்கு வேறில்லை.

வரிசைக் கணக்கு என்றதும் பலர் டென்மார்க்கின் கணிதவியலாளர் எர்லாங்கின் சூத்திரங்களைத் தேடிப் போவார்கள். அவர் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்துக்காக அழைப்புகள் வரும் விதத்தைப் பற்றி 1909-ல் எழுதியதுதான் இந்தத் துறைக்கே தொடக்கம். ஆனால் பள்ளிக்கு அது அப்படியே பொருந்தாது. தொலைபேசி அழைப்பு அங்கொன்று இங்கொன்றாக வரும். பள்ளியில் மணி அடிக்கும். 4 நிமிடத்துக்குள் 400 பேரும் வந்து நிற்பார்கள். இப்படி மொத்தமாக வந்து குவியும் இடத்தில் பெரிய சூத்திரம் எதுவும் வேண்டாம். எந்த இடம் மெதுவோ அந்த இடத்தின் நேரத்தை ஆள் எண்ணிக்கையால் பெருக்கினால் போதும்.

அப்புறம் இன்னொன்று. வரிசை எவ்வளவு நீளம் என்பதை வெற்றியின் அளவாக வைக்கக் கூடாது என்று முதலிலேயே பொறுப்பாளரிடம் பேசி ஒத்துக்கொள்ள வைத்தேன். பிள்ளைக்கு உட்கார்ந்து சாப்பிட எவ்வளவு நேரம் கிடைக்கிறது, அதுதான் அளவு. அமெரிக்காவின் நோய்க்கட்டுப்பாட்டு மையம், தட்டோடு உட்கார்ந்த பிறகு குறைந்தது 20 நிமிடம் கிடைக்க வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. 2016-ல் வெளியான ஓர் ஆய்வு மாசசூசெட்ஸில் நடந்தது. அதில் 20 நிமிடத்துக்கும் குறைவாக உட்கார்ந்த பிள்ளைகள், 25 நிமிடமாவது கிடைத்தவர்களைவிட முக்கிய உணவை 13 சதவீதமும் காய்கறியை 12 சதவீதமும் பாலை 10 சதவீதமும் குறைவாகச் சாப்பிட்டிருந்தார்கள். நம் கடைசிப் பிள்ளைக்குக் கிடைத்தது 10 நிமிடத்துக்கும் கீழ்.

பத்தில் ஒருவர்

இரண்டாம் நாள் ஸ்டாப்வாட்ச். ஒவ்வொரு இடத்திலும் ஒரு பிள்ளைக்கு ஆகும் நேரத்தைக் குறித்தேன். தட்டு எடுக்க 2 விநாடி. சூடான உணவுக்குக் கூடுதல் ஆளோடு 4 விநாடி, ஒரே ஆள் என்றால் 6. தொடுகறிக்கு 5. பழமும் பானமும் 4. கார்டு ரீடரில் சராசரியாக 9.

ஒரு வரிசையில் 200 பேர். 200-ஐ 9 ஆல் பெருக்கினால் 1,800 விநாடி, அதாவது சரியாக 30 நிமிடம். சூடான உணவை 6 விநாடியில் போட்டால் என்ன, 4 விநாடியில் போட்டால் என்ன? சீக்கிரம் போட்ட தட்டு ரீடருக்கு முன்னால் போய் நிற்கும். உண்மையில் அப்படித்தான் நின்றது. கவுன்டரை ஒட்டிய கம்பித் தடத்தில் எந்த நேரமும் ஏறக்குறைய 10 தட்டுகள் ஆறிக்கொண்டிருந்தன.

சரி, ரீடர்தான் மெதுவா? இங்கேதான் சராசரி என்னையும் கொஞ்சம் ஏமாற்றப் பார்த்தது. தாளில் குறித்த எண்களை வரிசையாகப் பார்த்தபோது 9 என்ற எண் ஏறக்குறைய எங்கேயுமே இல்லை. 4, 5, 4, 4, 5, 52, 4, 5... இப்படித்தான் இருந்தது. பத்தில் ஒன்பது பிள்ளைகள் நாலரை விநாடியில் போய்விடுகிறார்கள். பத்தில் ஒருவருக்கு 50 விநாடி ஆகிறது. ஒன்பது பேருக்குச் சேர்த்து ஆவதே 40 விநாடி சொச்சம்தான். அதைவிட அதிகமான நேரத்தை அந்த ஒருவர் எடுத்துக்கொள்கிறார்.

அந்த 50 விநாடியை அருகில் நின்று பார்த்தேன். ஒரு சிறுவன் சட்டைப் பையைத் தடவுகிறான், அட்டை இல்லை. தட்டை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையால் கால்சட்டைப் பையைத் துழாவுகிறான், தட்டு சாய்கிறது. ரீடரில் இருப்பவர் "பேர் சொல்லுப்பா" என்கிறார். அவன் சொல்வது இரைச்சலில் கேட்கவில்லை, மறுபடி சொல்கிறான். தட்டச்சு செய்தால் அதே பெயரில் மூன்று பேர். எந்த வகுப்பு, எந்தப் பிரிவு? திரையில் படம் வருகிறது. அவர் படத்தைப் பார்க்கிறார், அவனைப் பார்க்கிறார், பொத்தானை அழுத்துகிறார். பின்னால் பத்துத் தட்டுகள். அட்டை எங்கே என்று அப்புறம் கேட்டேன். வகுப்பில், புத்தகப் பையில். மணி அடித்ததும் ஓடி வந்துவிட்டான். நல்ல இடம் பிடிக்க வேண்டுமே.

என் முதல் யோசனை ரீடரையே எடுத்துவிடுவது. காலையில் வருகைப் பதிவு எடுக்கும்போதே யார் இன்று சாப்பிடுகிறார்கள் என்று வகுப்பாசிரியர் குறித்துவிட்டால் போதும் அல்லவா? கணக்குப் பிரிவு ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டது. தட்டு வாங்கிய ஒவ்வொருவருக்கும் அந்த நேரத்துப் பதிவு வேண்டும், தணிக்கைக்கு அதுதான் செல்லும். நான் வாதாடவில்லை. வெளியாள் ஒருவன் வந்து இரண்டாம் நாளே கணக்கு முறையை மாற்றச் சொன்னால் அவர்கள் ஏன் கேட்க வேண்டும்?

அதனால் ரீடர் இருந்த இடத்திலேயே இருந்தது. பக்கத்தில் இரண்டு வரிசைக்கும் பொதுவாக ஒரு மேசை போட்டோம். அட்டை இல்லாதவர் ரீடரில் நிற்கவே கூடாது. தட்டோடு நேராக மேசைக்குப் போக வேண்டும். மேசையில் வகுப்புவாரியாக அச்சிட்ட பெயர்ப் பட்டியல். பெயருக்கு நேரே கோடு போட்டால் முடிந்தது. கணினியில் ஏற்றுவது சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு. மேசைக்கு ஆள்? சூடான உணவில் கூடுதலாக நின்ற இருவரில் ஒருவரை அங்கே உட்கார வைத்தோம், மற்றவரைக் கையில் வைத்துக்கொண்டோம். அவருக்கு வேறு வேலை வரும் என்று தோன்றியது. புதிதாக ஒருவரையும் சேர்க்கவில்லை.

ரீடர் நாலரை விநாடிக்கு இறங்கியது.

கரண்டி

கூடுதல் ஆளை எடுத்துவிட்டதால் சூடான உணவு மறுபடி 6 விநாடி. இப்போது அதுதான் வரிசையிலேயே மெதுவான இடம். ஒரு குறுகலை அகலப்படுத்தினால் அடுத்த குறுகல் தலைகாட்டும், எப்போதும் அப்படித்தான். அதை எதிர்பார்த்தே ஆளை எடுத்திருந்தேன்.

6 விநாடியில் என்ன நடக்கிறது? ஒரு வரிசையில் பரிமாறிய பெண்மணியைப் பிள்ளைகள் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் கரண்டியால் ஒரு முறை அள்ளிப் போடுவார். அது போதாது. இன்னொரு அரைக் கரண்டி. பிறகு பிள்ளையின் முகத்தை ஒரு நொடி பார்ப்பார். சில முகங்களுக்கு இன்னும் கொஞ்சம் விழும். சில முகங்களுக்குத் தட்டிலிருந்து கொஞ்சம் திரும்பவும் பாத்திரத்துக்குப் போகும். கரண்டி சிறியது. ஓர் ஆளுக்கான அளவு அதில் ஒன்றரை கரண்டி. எப்போது வாங்கியது, யார் தேர்ந்தெடுத்தது என்று யாருக்கும் நினைவில்லை.

ஒரே அள்ளலில் ஓர் ஆள் அளவு வரும் கரண்டி வேண்டும் என்றேன். அக்காவுக்குப் பிடிக்கவில்லை. "முகத்தைப் பார்த்துப் போடுறதுதான் சார் என் வேலை. ஆறு வயசுக்கும் பதினாறு வயசுக்கும் ஒரே கரண்டின்னா, சின்னது வீணாக்கும், பெருசு பசியோட போகும்."

அவர் சொன்னது சரி. வேகம் என்ற ஒன்றை மட்டும் பார்த்துக்கொண்டிருந்ததால் எனக்கு அது தோன்றவில்லை. வரிசையில் வயது கலந்து வரும்வரை அந்த ஒரு நொடிப் பார்வை தேவையான வேலைதான். ஆனால் ஒரே வயதுக்காரர்கள் சேர்ந்து வந்தால் கரண்டியே அந்த வேலையைச் செய்துவிடும். அது எப்படிச் சாத்தியமானது என்பது பின்னால் வரும். அதுவரைக்கும் பெரிய கரண்டி ஒன்றை வைத்துக்கொண்டு, "கொஞ்சமாக" என்று வேண்டுபவர்கள் ஒரு விரலைக் காட்டினால் அரைக் கரண்டி என்று ஏற்பாடு செய்தோம். விரல் காட்டுவதைச் சின்னப் பிள்ளைகள் விளையாட்டாகவே எடுத்துக்கொண்டார்கள். 6 விநாடி 4 ஆனது. ஓர் ஆளைக் கூட்டிக் கிடைத்த அதே 4, இப்போது ஒரு கரண்டியில்.

மறைந்திருந்த 90 விநாடி

இப்போது மெதுவான இடம் தொடுகறி, 5 விநாடி. 200-ஐ 5 ஆல் பெருக்கினால் 1,000 விநாடி, அதாவது 16 நிமிடம் 40 விநாடி. பொறுப்பாளரிடம் "நாளைக்கு 17 நிமிடத்தில் முடியும்" என்று சொல்லிவைத்தேன். முடிந்தது 21 நிமிடத்தில்.

காணாமல் போன நாலு நிமிடத்தைத் தேட வேண்டியிருந்தது. சூடான உணவுப் பாத்திரம் ஒன்றில் 60 பேருக்கான அளவுதான் பிடிக்கும். 200 பேருக்கு மூன்று முறை மாற்ற வேண்டும். தீர்ந்ததும் பரிமாறுபவரே சமையலறைக்குள் போய்ப் புதுப் பாத்திரத்தைத் தூக்கி வருவார். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 90 விநாடி. மூன்று தொண்ணூறு, நாலரை நிமிடம்.

இது நேற்று வந்த பழக்கம் இல்லை, பல வருடமாக நடப்பது. பின் முன்பு ஏன் யாருக்கும் உறைக்கவில்லை? ரீடருக்கு முன்னால் எப்போதும் 10 தட்டுகள் நின்றனவே, நினைவிருக்கிறதா? ஒரு தட்டுக்கு 9 விநாடி, பத்துத் தட்டுக்கு 90 விநாடி. பாத்திரம் மாறும் நேரம் முழுவதும் ரீடருக்கு வேலை இருந்துகொண்டே இருந்தது. பழைய தேக்கம் இந்தத் தாமதத்தை அப்படியே விழுங்கிவிட்டது. தேக்கம் போனதும் அடியில் கிடந்தது மேலே வந்தது. தொழிற்கூடங்களில் குளத்து நீர் வடிந்தால் பாறை தெரியும் என்று இதைத்தான் சொல்வார்கள்.

இதற்கு மருந்து சுலபம். கவுன்டரில் ஒரு பாத்திரத்துக்கு இரண்டு பாத்திரம், ஒன்றில் பரிமாறும்போது மற்றது மூடியோடு பக்கத்தில். கையில் வைத்திருந்த அந்த இரண்டாவது கூடுதல் ஆளுக்கு வேலை கிடைத்தது: சமையலறைக்கும் கவுன்டருக்கும் நடுவே நடப்பது. பாத்திரத்தின் உட்புறத்தில் ஏற்கெனவே இருந்த ஒரு மடிப்பு தெரிந்தால் அடுத்ததைக் கொண்டுவர வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள். கடிகாரம் பார்க்க வேண்டியதில்லை, யாரும் கத்த வேண்டியதில்லை.

அடுத்த நாள் 17 நிமிடம். எனக்கு ஒரே பெருமை. 12-வது நிமிடம் வரைக்கும்.

தட்டோடு நின்ற 90 பேர்

இரண்டு வரிசையிலும் ஐந்து விநாடிக்கு ஒருவர் என்றால் நிமிடத்துக்கு 24 பேர் கூடத்துக்குள் வருகிறார்கள். 280 இருக்கைகள் 12 நிமிடத்துக்குள் நிரம்பிவிடும். முதலில் உட்கார்ந்தவர் 15 நிமிடம் சாப்பிட்டு எழுவது 16-வது நிமிடத்தில். நடுவில் நாலு நிமிடம். கிட்டத்தட்ட 90 பேர், சூடான உணவு இருக்கும் தட்டைக் கையில் பிடித்தபடி, இருக்கைகளுக்கு நடுவே நின்றார்கள். ஒரு தட்டு ஒரு பெண்ணின் முதுகில் சாய்ந்தது. நல்லவேளை, சூடு ஆறியிருந்தது.

இது முன்கூட்டியே கணக்கில் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். லிட்டில் விதி இருக்கைக்கும் பொருந்தும். பழைய நாட்களில் நிமிடத்துக்கு 13 பேர் வந்து 15 நிமிடம் உட்கார்ந்தார்கள். ஒரே நேரத்தில் 200 பேர். 280 இருக்கை தாராளம். இப்போது எல்லோரும் நிதானமாக 20 நிமிடம் உட்கார வேண்டும் என்பதே நம் குறிக்கோள் என்றால், கடைசிப் பிள்ளை உட்காரும்போது முதல் பிள்ளை எழுந்திருக்கவே மாட்டான். 400 இருக்கை வேண்டும். மெதுவான ரீடர் இத்தனை நாளும் கூடத்துக்குள் ஆட்களைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும் வாயிற்காவலனாகவும் இருந்திருக்கிறது! வரிசையைப் பற்றியே யோசித்து, வரிசை எங்கே போய் முடிகிறது என்பதை விட்டுவிட்டேன். இது என் தவறு. அன்று சாயங்காலம் பொறுப்பாளரிடம் அதைச் சொல்லியும்விட்டேன்.

இருக்கையைக் கூட்ட இடமில்லை. பிள்ளைகளை இரண்டு குழுவாக வரவழைப்பதுதான் வழி. பள்ளிகளில் இதற்கு வரும் முதல் எதிர்ப்பு டைம்டேபிள். ஒரு குழுவின் இடைவேளை நகர்ந்தால், இரு பக்கமும் பாடம் எடுக்கும் ஆசிரியர்களின் வகுப்புகள் மோதும். அந்தப் பேச்சையே எடுக்காமல் முடிக்க ஒரு வழி இருந்தது. மொத்த இடைவேளை 60 நிமிடம், அதில் சாப்பாடு 40, விளையாட்டு 20. ஒரு குழு சாப்பிட்டுவிட்டு விளையாடட்டும். மறு குழு விளையாடிவிட்டுச் சாப்பிடட்டும். பாட நேரத்தில் ஒரு நிமிடம்கூட நகரவில்லை.

யார் முதலில் விளையாடுவது? சிறியவர்கள் என்றேன். அவர்களின் ஆசிரியர்கள் பசியில் வாடிவிடுவார்கள் என்று கவலைப்பட்டார்கள். என்னிடம் இருந்தது 2015-ல் வெளியான ஓர் ஆய்வு. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் சில தொடக்கப் பள்ளிகள் விளையாட்டைச் சாப்பாட்டுக்கு முன்னால் மாற்றிப் பார்த்தன. பழமும் காய்கறியும் சாப்பிடுவது 54 சதவீதம் கூடியது. காரணம் ஊகிக்கக்கூடியதே. வெளியே விளையாட்டு காத்திருந்தால் சிறு பிள்ளை இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடும். அந்தப் பள்ளியில் நானே தினமும் பார்த்ததுதான். ஆசிரியர்கள் இரண்டு வாரம் பார்க்கலாம் என்று ஒத்துக்கொண்டார்கள்.

கண்காணிப்புப் பணியில்தான் கொஞ்சம் சலசலப்பு வந்தது. முன்பு எல்லா ஆசிரியர்களும் கூடத்தில், பிறகு எல்லோரும் மைதானத்தில். இப்போது அதே ஆட்களைப் பிரிக்க வேண்டும். இது மூன்று நாள் பேச்சுவார்த்தை. ஆய்வுக்குச் சுவையான பகுதி இல்லை என்பதால் விடுகிறேன்.

கணக்கு இப்படி மாறியது. ஒரு குழுவில் 200 பேர், வரிசைக்கு 100. ஆளுக்கு 5 விநாடி, மொத்தம் 8 நிமிடம் 20 விநாடி. பெரியவர்கள் முதலில், 20 நிமிடம் கழித்துச் சிறியவர்கள் வரும்போது முன்னவர்கள் எழத் தொடங்கியிருப்பார்கள். ஒரே நேரத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் 200-ஐ ஒட்டியே இருக்கும்; மெதுவாகச் சாப்பிடுபவர்களுக்கு 80 இருக்கை உபரி. கடைசிப் பிள்ளைக்கும் உட்கார 30 நிமிடம் கிடைக்கிறது. மறுபடி மூலையில் நின்று தலை எண்ணினேன். சராசரிக் காத்திருப்பு 3 நிமிடத்துக்கும் கீழே வந்திருந்தது.

அக்காவின் ஆட்சேபமும் தீர்ந்தது. முதல் குழுவுக்குப் பெரிய கரண்டி, இரண்டாம் குழுவுக்குப் பழைய சிறிய கரண்டி, ஒரே அள்ளல். விரல் காட்டும் வழக்கத்தைப் பிள்ளைகள் விட்டுவிடவில்லை. அவரும் நிறுத்தச் சொல்லவில்லை.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ரீடர், கரண்டி, பாத்திரம் எதையும் தொடாமல் குழுவாக மட்டும் பிரித்திருந்தால்கூட ஆளுக்கு 9 விநாடி, 100 பேர், 15 நிமிடம். சராசரிக் காத்திருப்பு 13-லிருந்து 6-க்கு இறங்கியிருக்கும். முதல் நாளே செய்திருக்கலாம். கூட்டத்தைப் பார்த்ததும் கவுன்டரை மட்டும் பார்ப்பது நிர்வாகத்தின் பழக்கம் என்பது போல மேலே கிண்டலாக எழுதினேன். எனக்கும் அதே பழக்கம்தான்.

குழாய்கள்

வரிசைக்கு முன்னால் ஒரு வரிசை இருக்க வேண்டும் என்று எனக்கு நாலாம் நாள்தான் உறைத்தது. கூடத்தின் வாசலில் 6 குழாய்கள். சோப்புப் போட்டுக் கை கழுவ 20 விநாடியாவது வேண்டும் என்பது பொதுவான அறிவுரை. ஒரு குழாயில் நிமிடத்துக்கு மூன்று பேர், ஆறு குழாயில் 18 பேர். மணி அடித்து 4 நிமிடத்தில் 400 பேரும் வரிசைக்கு வந்துவிட்டார்கள் என்று முன்பு எழுதினேன். அந்த 4 நிமிடத்தில் ஒழுங்காகக் கை கழுவியிருக்கக்கூடியவர்கள் 72 பேர். மற்றவர்கள்?

குழாயடியில் நெரிசலே இல்லாமல் இருந்ததற்குக் காரணம் இதுதான். பெரும்பாலோர் அந்தப் பக்கமே போகவில்லை, அல்லது விரலை நனைத்துவிட்டு ஓடினார்கள். வரிசையில் முன்னால் நிற்பதுதான் அவர்களுக்கு லாபம். கை கழுவினால் பத்து இடம் பின்னால் போவார்கள். சிறியவர்களை மைதானத்திலிருந்து நேராகச் சாப்பிட அனுப்பும் புது ஏற்பாட்டில் இது இன்னும் மோசமாகும்.

குழாய்களைக் கூட்ட அனுமதி, குழாய்காரர், செலவு என்று இழுத்தது. ஆனால் ஒவ்வொரு மாடியிலும் வகுப்பறைகளுக்குப் பக்கத்தில் குழாய்கள் சும்மா இருந்தன. பெரியவர்கள் தங்கள் மாடியிலேயே கழுவிவிட்டு இறங்க வேண்டும். சிறியவர்களை மைதானத்திலிருந்து வகுப்பு வகுப்பாக, இரண்டு மூன்று நிமிடம் முன்பின்னாக ஆசிரியர் அழைத்து வருவார். மைதானக் குழாயிலும் வாசல் குழாயிலும் பிரிந்து கழுவுவார்கள். எல்லோரும் ஒரே நொடியில் வந்து குவியாததால் வரிசையின் நீளமும் இன்னும் கொஞ்சம் குறைந்தது. முந்தி ஓடினால் கிடைக்கும் லாபம் குறைந்ததும் ஓட்டமும் குறைந்தது. நிர்வாகம் என்னைக் கூப்பிட்ட காரணமான தள்ளுமுள்ளு, யாரும் அதட்டாமலே அந்த வாரம் அடங்கிவிட்டது.

சின்னதாக இன்னொரு மாற்றம். காலித் தட்டு வைக்கும் தொட்டி, உள்ளே வரும் வாசலுக்கு அருகில் இருந்தது. தட்டு வைக்க வருபவர்கள் வரிசையைக் குறுக்கே வெட்டினார்கள். அதை எதிர்ச்சுவருக்கு நகர்த்தினோம். பத்து நிமிட வேலை.

ஒரு மாதம் கழித்து

திரும்பப் போய் எண்ணினேன். காத்திருப்பு கொஞ்சம் ஏறியிருந்தது. தொடுகறி 5 விநாடியிலேயே இருந்தது. பாத்திரங்கள் நேரத்துக்கு வந்தன. சிறியவர்களின் ஆசிரியர்கள் பழைய வரிசைக்குத் திரும்பக் கேட்கவில்லை. பின் எங்கே?

பக்க மேசையில். பத்தில் ஒருவர் என்று போட்ட மேசைக்கு இப்போது ஆறில் ஒருவர் வந்தார். அங்கேயே ஒரு குட்டி வரிசை. பிள்ளைகள் எங்களைவிட வேகமாகக் கற்றுக்கொண்டுவிட்டார்கள்: அட்டையைத் தேடி எடுத்து வருவதைவிடப் பட்டியலில் பெயரைக் காட்டுவது சுலபம், மேசையில் இருந்தவரும் அன்பாகப் பேசுவார். மறப்பதற்கு எந்த விலையும் இல்லை என்றால் அட்டையை யார் தூக்கிக்கொண்டு அலைவார்கள்?

கண்டிப்பு காட்டலாமா என்று பொறுப்பாளர் கேட்டார். வேண்டாம் என்றேன். அட்டைகளைப் பிள்ளைகளிடம் கொடுத்துவைப்பதே தேவையில்லாத வேலை. வகுப்புக்கு ஒரு கட்டாக வகுப்பறையில் தொங்கட்டும். மணி அடித்ததும் வகுப்புத் தலைவர் வாசலில் நின்று ஆளுக்கொன்றைக் கொடுக்கட்டும். ரீடரைத் தாண்டியதும் ஒரு பெட்டியில் போட்டுவிடட்டும். சாயங்காலம் கட்டு வகுப்புக்குத் திரும்பிவிடும். சிறியவர்களுக்கு மைதானத்திலிருந்து வரும்போது ஆசிரியரே கட்டைக் கொண்டுவருவார்.

பெட்டிக்கு ஒரு நல்ல இடம் தேடிக்கொண்டிருந்தபோது அக்கா ஒரு காலிப் பாத்திரத்தை எடுத்து ரீடருக்குப் பக்கத்தில் வைத்தார். அதுவே நிலைத்துவிட்டது. முதல் வாரக் கடைசியில் பக்க மேசைக்கு வந்தவர்கள் ஒரு நாளைக்கு ஐந்தாறு பேர். அவர்களில் பாதிப் பேர் அன்றுதான் புதிதாகப் பள்ளியில் சேர்ந்தவர்கள் அல்லது அட்டை உடைந்தவர்கள். மேசையில் இருந்தவர் மீதி நேரத்தில் தொடுகறிப் பக்கம் போய் நிற்கத் தொடங்கியிருந்தார். அங்கே இப்போது நாலு விநாடி.